உப்புத் தண்ணீர், செல் சவ்வு, ஸ்டெரால்: வாசகர் கேள்வி - பதில்

“செடிகளுக்குள்ளும் கொலஸ்ட்ராலின் உறவுப் பொருள் உண்டு, ஸ்டெரால் எனப்படும் அது உப்பைத் தாங்க உதவுகிறது” என்று சென்ற இதழில் நான்கு வரித் துணுக்கு ஒன்று வெளியிட்டிருந்தோம். அதையொட்டி பெங்களூர் வாசகர்கள் அனுப்பிய கேள்விகளும் எங்கள் தாவர உடலியல் பகுதியின் பதில்களும் இங்கே.

முருகேஷ்பாளையாவில் அடுக்குமாடிக் குடியிருப்பு எங்களுடையது. மொட்டை மாடியில் நாற்பது தொட்டி வைத்திருக்கிறேன். போர்வெல் தண்ணீருக்கு அசோசியேஷனில் சாஃப்ட்னர் போட்ட பிறகு கறிவேப்பிலை, மல்லிகை எல்லாம் இலை நுனி கருகுகிறது. டி.டி.எஸ். மீட்டரில் பார்த்தால் பழையபடி 650தான். உப்பு கூடவில்லையே, பிறகு ஏன் கருகுகிறது? செடியில் ஸ்டெரால் இருக்கிறதென்றால் அது ஏன் காப்பாற்றவில்லை?
- இல்லத்தரசி, முருகேஷ்பாளையா

மீட்டர் சரியாகத்தான் காட்டுகிறது. கரைந்திருக்கும் மொத்த உப்புகளைத்தான் அது கணக்கிடும். எந்த உப்பு என்று அதற்குத் தெரியாது. சாஃப்ட்னரோ தண்ணீரிலிருந்து உப்பைக் குறைப்பதே இல்லை. உள்ளேயிருக்கும் ரெசின் மணிகள் கால்சியத்தையும் மக்னீசியத்தையும் பிடித்து வைத்துக்கொண்டு, ஈடாகச் சோடியத்தை விடுகின்றன. கால்சியம் கார்பனேட்டாகக் கணக்கிட்ட கடினத்தன்மை ஒரு மில்லிகிராம் குறைந்தால் 0.46 மி.கி. சோடியம் ஏறும். போர்வெல்லின் கடினத்தன்மை லிட்டருக்கு 400 மி.கி. என்று வைத்துக்கொள்ளுங்கள், சாஃப்ட்னரைத் தாண்டும்போது 184 மி.கி. சோடியம் புதிதாகச் சேர்ந்திருக்கும். ஏற்கெனவே இருந்தது தனி. இலையில் படும்படி ஊற்றும் பாசன நீரில் சோடியம் லிட்டருக்கு 70 மி.கி.யைத் தாண்டினாலே கவனம் வேண்டும் என்கிறது ஐ.நா. உணவு வேளாண்மை அமைப்பின் பாசன நீர் வழிகாட்டி.

சோடியம் ஏறியது பாதிக் கதை. கால்சியம் போனது மறுபாதி, எங்கள் கணக்கில் அதுதான் பெரிய பாதி. வேர் செல்லைச் சுற்றியிருக்கும் சவ்வு கொழுப்பு மூலக்கூறுகளால் ஆனது. அதன் வெளிப்பரப்பில் கால்சியம் ஒட்டிக்கொண்டு, அடுத்தடுத்த மூலக்கூறுகளைச் சேர்த்துப் பிடித்திருக்கிறது. சோடியம் மிகுந்தால் அது கால்சியத்தைத் தள்ளிவிட்டு அந்த இடத்தில் உட்காரும். உடனே சவ்வு கசிய ஆரம்பிக்கும், உள்ளேயிருக்கும் பொட்டாசியம் வெளியே போய்விடும். பருத்தி வேரில் இதை 1985-லேயே காட்டிவிட்டார்கள். நீங்கள் கேட்கும் ஸ்டெரால் இதே சவ்வின் இன்னொரு பாகம். செடி அதைத் தானே தயாரித்துக்கொள்ளும்; நாம் கொடுக்கவும் முடியாது, கொடுக்கவும் வேண்டாம். கால்சியம் அப்படியல்ல, வெளியிலிருந்துதான் வர வேண்டும். அதைத்தான் சாஃப்ட்னர் பிடுங்கிக்கொண்டது.

முதலில் தண்ணீரை மாற்றுங்கள். சாஃப்ட்னருக்கு முன்னால் உள்ள குழாயிலிருந்து ஒரு ‘டீ’யும் ஒரு வால்வும் போட்டு மாடிக்குத் தனி லைன் இழுத்தால் போதும். கடின நீரால் இலையில் வெள்ளைத் திட்டு விழும். துடைத்துவிட்டுப் போகலாம், செடிக்குக் கேடில்லை. அசோசியேஷன் இடம் கொடுக்காவிட்டால் மழைநீர் இருக்கிறது. பெங்களூரில் ஆண்டுக்கு ஏறத்தாழ 970 மி.மீ. மழை. 100 சதுர அடித் தளத்தில் வழிவது, ஆவியாவது போக ஏழாயிரம் லிட்டர் தேறும்.

பிறகு மண். இங்கே வரிசை முக்கியம்: ஜிப்சம் (கால்சியம் சல்பேட்) முதலில், அலசல் பிறகு. பன்னிரண்டு அங்குலத் தொட்டிக்கு, அதாவது சுமார் 15 லிட்டர் மண்ணுக்கு, 20 கிராம் வேளாண் ஜிப்சத்தை மேல் இரண்டு அங்குல மண்ணில் கிளறிக் கலந்து, மூன்று நான்கு நாள் வழக்கம்போல் தண்ணீர் விடுங்கள். அதன்பின் ஒரே காலையில் 30 லிட்டர் நல்ல தண்ணீரை நான்கைந்து தவணையாக, தவணைக்கு அரைமணி இடைவெளி விட்டு ஊற்றி, அடித்துளை வழியே ஓடவிடுங்கள். வழியும் தண்ணீரை மீட்டரில் பாருங்கள். முதலில் 2000, 3000 என்று காட்டலாம். ஊற்றும் தண்ணீரின் எண்ணை நெருங்கியதும் நிறுத்துங்கள். வழிந்த தண்ணீர் தட்டிலேயே நின்றால் மண் அதைத் திரும்ப உறிஞ்சிவிடும். தட்டை எடுத்துவிடுங்கள்.

வரிசையை மாற்றி, ஜிப்சம் இல்லாமல் மழைநீரை மட்டும் விட்டால் செம்மண் தொட்டிகள் அடைத்துக்கொள்ளும். சோடியம் ஏறிய களிமண் துகள்கள் சுத்தமான தண்ணீர் பட்டதும் பிரிந்து சேறாகி, நுண்துளைகளை மூடிவிடும். தண்ணீர் மேலேயே தேங்கும். வேர் மூச்சுத் திணறும்.

ஜிப்சம் கேட்டால் ஹார்டுவேர் கடையில் பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ் கொடுப்பார்கள், அது தொட்டியிலேயே கல்லாகிவிடும். சுண்ணாம்புக்கல் தூளும் பயன்படாது. நம் தண்ணீரில் அது கரைவதே அரிது. எப்சம் உப்பு போடச் சொல்லும் காணொளிகள் நிறைய வருகின்றன. உப்பு மிகுந்த தொட்டியில் இன்னொரு உப்பைச் சேர்ப்பதுதான் அது.

ஒன்றை மட்டும் சரிபார்த்துக்கொள்ளுங்கள். கருகல் பழைய இலைகளின் நுனியிலும் ஓரத்திலும் தொடங்கினால் உப்பு. புதுத் தளிர் சுருண்டு கருகினால் கால்சியம் பற்றாக்குறை. இலை நரம்பு பச்சையாக இருந்து இடைப்பகுதி மட்டும் மஞ்சளானால் அது இரும்பு. இதில் சொன்ன எதுவும் அதற்குப் பொருந்தாது. தொட்டிக் கலவையில் கோகோபீட் சேர்த்திருந்தால் அதையும் சந்தேகப்படுங்கள். கழுவாத தேங்காய் நார்த்தூளில் சோடியமும் குளோரைடும் எக்கச்சக்கம். லிட்டருக்கு 3 கிராம் கால்சியம் நைட்ரேட் கரைத்த நீரில் ஓர் இரவு ஊறப்போட்டு, மறுநாள் இரண்டு முறை அலசிய பிறகே கலக்க வேண்டும்.

‘ஸ்டெரால் சவ்வை இறுக்குகிறது’ என்று எழுதியிருந்தீர்கள். இறுக்கினால் உப்பு நுழையாது என்பது புரிகிறது. தண்ணீரும் சத்தும் மட்டும் எப்படி நுழையும்? பொறியாளர் கண்ணால் பார்த்தால் விளக்கம் போதவில்லை.
- ஓய்வுபெற்ற பொறியாளர், ஜாலஹள்ளி

போதவில்லைதான். நான்கு வரியில் அடைத்ததால் வந்த வினை.

மார்கழிக் காலையில் பெங்களூரில் தேங்காய் எண்ணெய் உறைந்து கிடக்கும், சித்திரையில் தண்ணீராக ஓடும். செல் சவ்வின் கொழுப்புக்கும் இதே குணம் உண்டு. உறைந்தால் அதில் பதிந்திருக்கும் புரதங்கள் இயங்காது. மிகவும் இளகினால் அயனிகள் கண்டபடி கசியும். கொழுப்பு வால்களுக்கு நடுவே தட்டையான, விறைப்பான ஸ்டெரால் மூலக்கூறு செருகிக்கொண்டு இரண்டு பக்கமும் போகவிடாமல் நிறுத்துகிறது. குளிரில் உறைய விடாது, வெயிலில் தளர விடாது. ஆகவே ‘இறுக்குகிறது’ என்பதைவிட ‘நடுநிலையில் வைக்கிறது’ என்பதே சரி. தண்ணீர் பெரும்பாலும் அக்வாபோரின் என்ற தனிப் புரதக் குழாய்கள் வழியே போகிறது; பொட்டாசியம், நைட்ரேட் போன்றவற்றுக்கும் தனித்தனி வாசல்கள் உண்டு.

மனிதரில் இந்த வேலைக்குக் கொலஸ்ட்ரால் ஒன்றே போதும். செடியில் ஒரு கலவையே இருக்கிறது: சைட்டோஸ்டெரால், கேம்பெஸ்டெரால், ஸ்டிக்மாஸ்டெரால், கூடவே துளியூண்டு கொலஸ்ட்ரால். கொலஸ்ட்ராலுக்குக் கார்பன் 27. வால் பகுதியின் 24-ஆம் இடத்தில் ஒரு மெத்தில் சேர்ந்தால் கேம்பெஸ்டெரால், கார்பன் 28. எத்தில் சேர்ந்தால் சைட்டோஸ்டெரால், கார்பன் 29. அந்தச் சைட்டோஸ்டெராலின் வாலில் 22-ஆம் இடத்தில் ஓர் இரட்டைப் பிணைப்பு விழுந்தால் ஸ்டிக்மாஸ்டெரால். ஒரே ஒரு பிணைப்புதான் வித்தியாசம், ஆனால் சவ்வில் அதன் நடத்தையே வேறு. சைட்டோஸ்டெராலும் கேம்பெஸ்டெராலும் கொழுப்பு வால்களை நன்றாக ஒழுங்குபடுத்துகின்றன. ஸ்டிக்மாஸ்டெரால் அந்த வேலையில் சுமார்.

இப்போது சோடியத்தை வெளியேற்ற உதவும் பம்புக்கு வருவோம். வேர் செல்லின் உட்புறம் வெளிப்புறத்தைவிட நூறு மில்லிவோல்ட்டுக்கும் மேல் எதிர்மின் கொண்டது. நேர்மின் சோடியம் உள்ளே வர எந்தத் தள்ளலும் வேண்டியதில்லை, மின்னழுத்தமே இழுத்துவிடும். ஆக, செடியின் செலவெல்லாம் வெளியேற்றுவதில்தான். சவ்வில் பதிந்த புரோட்டான் பம்பு, செல்லின் ஆற்றல் நாணயமான ஏ.டி.பி.யைச் செலவழித்துப் புரோட்டான்களை வெளியே தள்ளுகிறது. அந்தப் புரோட்டான்கள் உள்ளே திரும்பும் விசையைக்கொண்டு எஸ்.ஓ.எஸ்.1 என்ற மாற்றிப் புரதம் சோடியத்தை வெளியேற்றுகிறது. மிச்சச் சோடியத்தை என்.எச்.எக்ஸ். வகைப் புரதங்கள் வாக்குவோல் என்ற நீர்ப்பைக்குள் பூட்டிவைக்கின்றன. இந்தப் பம்பு பதிந்திருப்பது ஸ்டெரால் கலந்த சவ்வில். மக்காச்சோள வேரின் புரோட்டான் பம்பைப் பிரித்தெடுத்துச் செயற்கைச் சவ்வில் பதித்து 1997-ல் சோதித்தபோது, சிறிதளவு ஸ்டிக்மாஸ்டெராலும் கொலஸ்ட்ராலும் பம்பை வேகப்படுத்தின, சைட்டோஸ்டெரால் மட்டுப்படுத்தியது. கசிவைக் குறைப்பது ஒரு ஸ்டெரால், பம்பை ஓட்டுவது இன்னொன்று. உங்கள் துறைப் பழக்கத்தில் யோசித்தால், எது அதிகம் என்பதைவிட எந்த விகிதம் என்பதே கேள்வி.

உப்பு வந்திருப்பதைச் செடி அறிவதும் இதே சவ்வில்தான். ஜி.ஐ.பி.சி. எனப்படும் ஸ்ஃபிங்கோ கொழுப்புகளில் சோடியம் ஒட்டியதும் கால்சிய வாசல்கள் திறக்கின்றன என்று ஆய்வகங்களின் மாதிரிச் செடியான அராபிடாப்சிஸில் 2019-ல் கண்டுபிடித்தார்கள். அந்தக் கொழுப்புகள் ஸ்டெராலோடு சேர்ந்தே சவ்வில் திட்டுத்திட்டாக அடர்ந்திருக்கின்றன.

தயாரிப்பில் ஒரு நுணுக்கம், தோட்டக்காரருக்கும் பயன்படும். ஸ்குவாலீன் என்ற மூலப்பொருளிலிருந்து ஸ்டெரால் செய்யும் பாதையில் பல படிகளுக்கு மூலக்கூறு ஆக்சிஜன் கட்டாயம். உப்புத் தண்ணீரைத் தேங்கவும் விட்டால் செடி இன்னும் வேகமாகச் சாவதற்கு முதல் காரணம் வேரில் ஏ.டி.பி. வறண்டு பம்பு நின்றுபோவது. ஆக்சிஜன் இல்லாமல் சவ்வைச் சீரமைக்கப் புது ஸ்டெராலும் வராது என்பது அதற்கு அடுத்தது.

எம்.எஸ்சி. செயல்திட்டத்துக்காகப் படிக்கும்போது குழம்பிப்போனேன். உப்பு கொடுத்தால் ஸ்டெரால் கூடுகிறது என்கிறது ஒரு கட்டுரை, குறைகிறது என்கிறது இன்னொன்று. எதை நம்புவது? எங்கள் ஆய்வகத்தில் ஜி.சி.-எம்.எஸ். (கலவையைப் பிரித்து ஒவ்வொரு பொருளையும் அடையாளம் காணும் கருவி) இருக்கிறது.
- தாவரவியல் மாணவி, எலஹங்கா

இரண்டுமே உண்மையாக இருக்கலாம். அவர்கள் அளந்தது எதை என்று பாருங்கள்.

முழு இலையை அரைத்து எடுத்த ஸ்டெரால் வேறு, வேரின் செல் சவ்வைப் பிரித்து எடுத்த ஸ்டெரால் வேறு. முழுத் திசுவில் எல்லாச் சவ்வுகளும் எண்ணெய்த் துளிகளில் சேமித்த ஸ்டெரால் எஸ்டர்களும் கலந்துவிடும்; கேள்விக்குரிய சவ்வு அதில் சிறு பங்குதான். சவ்வை மட்டும் வேண்டுமானால் டெக்ஸ்ட்ரான் டி500, பாலி எத்திலீன் கிளைக்கால் 3350 இரண்டும் கலந்த இருகட்டப் பிரிப்பு செய்தாக வேண்டும். கிளைக்கால் மிகுந்த மேல்கட்டத்தில் செல் சவ்வு சேரும். கலவையின் சதவீதம் பயிருக்குப் பயிர் கால் சதவீத அளவில் மாறும். முதல் வாரம் அதைப் பிடிப்பதிலேயே போகும், அதற்கு நேரம் ஒதுக்குங்கள்.

அடுத்தது, எந்த ஸ்டெரால். செடியில் அது தனியாகவும் இருக்கும், கொழுப்பமிலத்தோடு எஸ்டராகவும் இருக்கும், சர்க்கரை ஒட்டிய கிளைக்கோசைடாகவும் இருக்கும். பொட்டாசியம் ஹைட்ராக்சைடு சேர்த்த மெத்தனாலில் 80 டிகிரியில் ஒரு மணி நேரம் காய்ச்சி ஹெக்சேனில் எடுக்கும் வழக்கமான முறையில் எஸ்டர் உடையும், கிளைக்கோசைடு உடையாது. தக்காளிக் குடும்பத்தில் கிளைக்கோசைடு நிறைய. அங்கே காரத்தை மட்டும் நம்பினால் பெரும்பங்கு நழுவிவிடும். அமில நீராற்பகுப்பு செய்தால் அதுவும் கிடைக்கும், ஆனால் அவெனாஸ்டெரால் போன்ற சில உருமாறிவிடும். இரண்டையும் தனித்தனியே செய்து ஒப்பிடுவதே வழி. உட்தரத்துக்கு, அதாவது அளவை ஒப்பிட நாமே சேர்க்கும் பொருளாக, 5-ஆல்ஃபா கொலஸ்டேன் போடுங்கள், அதையும் அரைக்கும்போதே. கடைசியில் சேர்த்தால் இடையில் இழந்த அளவு உங்களுக்குத் தெரியாமலே போகும். கருவியில் செலுத்துவதற்காகச் சிலைல் தொகுதியை ஏற்றும் முன் மாதிரி துளியும் ஈரமில்லாமல் காய்ந்திருக்க வேண்டும். இல்லையென்றால் வரைபடத்தில் சிகரங்கள் இரட்டையாக விழும். கொலஸ்ட்ரால் சிகரம் திடீரென்று பெரிதாகத் தெரிந்தால் மகிழ்ந்துவிடாதீர்கள், கையுறை போடாத விரலிலிருந்தும் அது வரும்.

மூன்றாவது, கணக்கிடும் அலகு. உப்பில் வளர்ந்த இலையில் நீர் குறைவு. ஈர எடைக்குக் கணக்கிட்டால் எல்லாமே ‘கூடியிருக்கும்’. உலர் எடைக்கும் சவ்வுப் புரதத்துக்கும் கணக்கிட்டுப் பாருங்கள். பொருள் உள்ள எண்கள் இரண்டு: ஸ்டெராலுக்கும் ஃபாஸ்போ கொழுப்புக்கும் உள்ள விகிதம், ஸ்டிக்மாஸ்டெராலுக்கும் சைட்டோஸ்டெராலுக்கும் உள்ள விகிதம். ப்ரோக்கோலி வேர்ச் சவ்வில் உப்பு கொடுத்தபோது மாறியது இந்த இரண்டாவது விகிதம்தான். ஸ்டிக்மாஸ்டெரால் பக்கம் சாய்ந்தது.

காரணம் எது, விளைவு எது என்று பிரிக்க மரபணுச் சான்று வேண்டும். அராபிடாப்சிஸில் 24-ஆம் கார்பனில் முதல் மெத்திலைச் சேர்க்கும் எஸ்.எம்.டி.1 நொதி பழுதான செடி கொலஸ்ட்ராலைக் குவித்தது, அதன் வேர் கால்சியத்துக்குக்கூட மிரண்டது. இது 2000-ல் வெளியானது. ஸ்குவாலீன் எப்பாக்சிடேஸ்-1 பழுதான செடி வறட்சியைத் தாங்கவில்லை, வேரின் ஸ்டெரால் கலவை மாறியிருந்தது, இது 2009. மாறாக, அலையாத்தி மரங்களில் உப்போடு சேர்ந்து ஏறியது ஸ்டெரால் அல்ல, அதே பாதையில் கிளை பிரியும் ட்ரைடெர்பினாய்டுகள். ஆகவே ‘தாங்கும் செடியில் ஸ்டெரால் அதிகம்’ என்று பொதுவிதி எழுதிவிடாதீர்கள். தேர்வாளர் முதலில் பிடிப்பது அதைத்தான்.

திட்டத்துக்கு எங்கள் யோசனை: தாங்கும் ரகம் ஒன்று, தாங்காத ரகம் ஒன்று, வேர் மட்டும், 0, 50, 100 மில்லிமோலார் உப்பு, 24 மணி நேரத்திலும் ஏழாம் நாளிலும் மாதிரி. நெல்லானால் பொக்காலி (தாங்குவது), ஐ.ஆர்.29 (தாங்காதது) பழகிய ஜோடி. பொக்காலியின் பெயர்பெற்ற ‘சால்டால்’ பகுதி முதல் குரோமோசோமில் இருக்கிறது. அதன் வேலை முதன்மையாகச் சோடியம், பொட்டாசியக் கடத்தல். இரண்டு ரகத்துக்கும் இடையே ஸ்டெரால் வித்தியாசம் கிடைத்தாலும் தாங்கும் திறனுக்கு அதுவே காரணம் என்று சொல்ல முடியாது. இதை முடிவுரையில் நீங்களே எழுதிவிடுங்கள்.

லால்பாக் மலர்க் கண்காட்சிக்குப் போனபோது ‘தாவர ஸ்டெரால் டானிக்’ என்று ஒரு பாட்டில் விற்றார்கள். உப்புத் தண்ணீருக்கு எதிர்ப்பு சக்தி தரும் என்றார்கள். வாங்கலாமா?
- வாசகர், பசவனகுடி

வேண்டாம். சைட்டோஸ்டெரால் தண்ணீரில் கரையாது. இலை மேல் அடித்தால் மெழுகுப் படலத்தில் ஒட்டி நிற்கும். வேர்ச் சவ்வுக்குப் போய்ச் சேர வழி இல்லை. ஆய்வகத்தில் கொடுப்பவர்கள்கூட முதலில் எத்தனாலில் கரைத்து, பரவு பொருள் சேர்த்துத்தான் கொடுக்கிறார்கள்.

பிராசினோஸ்டீராய்டு என்பது வேறு சரக்கு. செடி கேம்பெஸ்டெராலிலிருந்து செய்யும் ஹார்மோன் அது. மிகச் சிறிய அளவிலேயே வேலை செய்யும். விதையை அதில் ஊறவைத்து உப்பில் முளைக்கவிட்ட சோதனைகளில் நல்ல பலன் தெரிந்திருக்கிறது. நம் சந்தையில் அந்த வகையைச் சேர்ந்த ஹோமோபிராசினோலைடு 0.04 சதவீதம் கிடைக்கிறது. லிட்டருக்கு அரை மில்லி கலந்தால் 0.2 மி.கி., அதாவது 0.4 மைக்ரோமோலார், அதுவே தாராளம். ‘கொஞ்சம் கூடவே இருக்கட்டும்’ என்று ஊற்றினால் வேர் குட்டையாகிவிடும். லேபிளில் மூலப்பொருளின் பெயரும் சதவீதமும் இல்லாத பாட்டிலைத் தொடவே வேண்டாம்.

மாலூர் பக்கம் ஒன்றரை ஏக்கரில் தக்காளி. போர்வெல் ஈ.சி. (உப்பளவைக் காட்டும் மின்கடத்துத் திறன்) 2.8 டெசிசீமன்ஸ். ட்ரயசோல் மருந்து பூஞ்சையின் ஸ்டெராலைத் தடுத்துத்தான் கொல்கிறது என்று படித்தேன். அப்படியென்றால் அது செடியின் ஸ்டெராலையும் தடுத்து, உப்பு தாங்கும் சக்தியைக் குறைத்துவிடாதா?
- வாசகர், கிருஷ்ணராஜபுரம்

நல்ல கேள்வி. ஹெக்சகோனசோல், டெபுகோனசோல், டைஃபெனகோனசோல் எல்லாம் தடுப்பது 14-ஆல்ஃபா டிமெத்திலேஸ் என்ற நொதியை. பூஞ்சையில் அது நின்றால் அதன் ஸ்டெராலான எர்கோஸ்டெரால் உருவாகாது. செடியிலும் அதன் உறவு நொதி உண்டு, ஆனால் லேபிள் அளவில் பூஞ்சை நொதிதான் முதலில் விழும். அடிக்கடி, அளவுக்கு மீறி அடித்தால் கணு இடைவெளி சுருங்கி, இலை கரும்பச்சையாகத் தடிக்கும். அது பெரும்பாலும் ஜிப்பரெல்லின் என்ற வளர்ச்சி ஹார்மோன் தடைபட்டதால் வருவது. மாமரத்துக்கு ஊற்றும் பேக்லோபியூட்ரசோல் இந்தக் குணத்துக்காகவே விற்கப்படும் ட்ரயசோல். இன்னொரு வேடிக்கை: சிதம்பரம் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் நித்தியகல்யாணிச் செடியில் செய்த சோதனைகளில், அளவான ட்ரயசோல் உப்பின் பாதிப்பைக் குறைக்கவே செய்தது. அதை நம்பி உப்புக்கு மருந்தாகப் பூஞ்சைக்கொல்லி அடிக்காதீர்கள். ஒரே பூஞ்சைக்கொல்லி வகையைத் திரும்பத் திரும்ப அடித்தால் பூஞ்சை பழகிவிடும். வேறு வகை மருந்தோடு மாற்றி மாற்றி அடியுங்கள்.

உங்கள் நஷ்டம் வேறிடத்தில் இருக்கிறது. பாசன நீர் 2.8 என்றால், ஓரளவு வடிகால் உள்ள நிலத்தில் மண் சாற்றின் ஈ.சி. அதைப் போல ஒன்றரை மடங்கு, 4.2 டெசிசீமன்ஸில் போய் நிற்கும். தக்காளி தாங்குவது 2.5 வரை; அதற்கு மேல் ஒவ்வொரு டெசிசீமன்ஸுக்கும் ஏறத்தாழ 10 சதவீதம் மகசூல் போகும். அப்படிப் பார்த்தால் 17 சதவீதம். சொட்டுநீர் இருந்தால் தேவைக்கு மேல் ஆறில் ஒரு பங்கு கூடுதலாக விட்டு உப்பை வேருக்குக் கீழே தள்ளுங்கள். லேசான தூறலின்போது சொட்டுநீரை நிறுத்தாதீர்கள். ஓரத்தில் வெள்ளையாகப் படிந்த உப்பை அந்தத் தூறல் வேர்ப்பக்கம் இழுத்துவரும். காயின் அடிப்பக்கம் கறுத்து அழுகினால் அது பூஞ்சை அல்ல, கால்சியம் காய்க்குப் போய்ச் சேராதது. மருந்துத் தொட்டிக்கு மட்டுமாவது மழைநீரோ நல்ல தண்ணீரோ பயன்படுத்துங்கள். 2.8 தண்ணீரில் மருந்து கலந்து உச்சி வெயிலில் அடித்து இலை கருகியதற்கு மருந்துக் கடைக்காரரோடு சண்டை போட்டுப் பயனில்லை.

எட்டாம் வகுப்பு மகனுக்கு அறிவியல் கண்காட்சி. உப்பால் சவ்வு கசிவதை வீட்டிலேயே காட்ட முடியுமா?
- வாசகி, அல்சூர்

முடியும். பேனா வடிவ டி.டி.எஸ். மீட்டரும், பேட்டரிக் கடையில் விற்கும் டிஸ்டில்ட் வாட்டரும், காகிதத்தில் துளை போடும் ‘பஞ்ச்’ கருவியும் போதும். அந்தத் தண்ணீரை முதலில் மீட்டரில் பாருங்கள். 3-க்கு மேல் காட்டினால் வேறு கடை.

கழுவிய மணலில் நான்கு கிண்ணம் பச்சைப்பயறு முளைக்க வையுங்கள். பத்தாம் நாளிலிருந்து முதல் கிண்ணத்துக்கு வெறும் தண்ணீர். இரண்டாவதற்கு லிட்டருக்கு 2.9 கிராம் உப்பு, அதாவது 50 மில்லிமோலார். மூன்றாவதற்கு 5.8 கிராம். நான்காவதற்கு அதே 5.8 கிராமோடு 1.7 கிராம் ஜிப்சம். முதல் நாளே முழு அளவு ஊற்றினால் செடி துவண்டுவிடும். பாதி அளவில் தொடங்கி மறுநாள் முழு அளவுக்குப் போங்கள். ஐந்து நாள் கழித்து ஒவ்வொரு கிண்ணத்திலிருந்தும், நடு நரம்பைத் தவிர்த்து, இருபது இலைவட்டுகள் வெட்டுங்கள். வெட்டிய விளிம்பிலிருந்தும், இலை மேல் ஒட்டிய உப்பிலிருந்தும் வருவது கணக்கில் சேரக் கூடாது. அதனால் மூன்று முறை டிஸ்டில்ட் வாட்டரில் அலசுவது கட்டாயம். பிறகு 20 மில்லி டிஸ்டில்ட் வாட்டரில் போட்டு, நான்கு மணி நேரம் நிழலில் வைத்து மீட்டர் எண்ணைக் குறியுங்கள். அடுத்து, அதே கண்ணாடிக் குப்பியை மூடி தளர்வாக இருக்க, கொதிநீரில் இருபது நிமிடம் நிறுத்துங்கள். இதைப் பெரியவர்கள் செய்யட்டும். எல்லாச் செல்லும் உடைந்துவிடும். நன்றாக ஆறிய பிறகு மறுபடி எண்ணைக் குறியுங்கள். முதல் எண்ணை இரண்டாம் எண்ணால் வகுத்து நூறால் பெருக்கினால் கசிவுச் சதவீதம். ஆறுவதற்குள் அளந்தால் ஒவ்வொரு டிகிரிக்கும் 2 சதவீதம் கூடுதலாகக் காட்டும், மீட்டரில் வெப்பத் திருத்தம் இருந்தாலும் நம்ப வேண்டாம்.

நான்காவது கிண்ணத்தின் கசிவு மூன்றாவதைவிடக் குறைவாக வர வேண்டும். வராவிட்டால் ஜிப்சம் முழுதும் கரைந்திருக்காது. முந்தைய நாள் இரவே கலக்கி வையுங்கள். பலகையில் ‘ஸ்டெராலை அளந்தோம்’ என்று எழுத வேண்டாம். இது சவ்வு மொத்தமாகக் கசிவதைத்தான் காட்டுகிறது.

உப்பு மண்ணில் விளைந்த காய்கறியில் ஸ்டெரால் கூடுமென்றால், அதைச் சாப்பிட்டால் என் கொலஸ்ட்ரால் குறையுமா?
- வாசகர், சிவாஜிநகர்

குறையாது. ஒரு நாளைக்கு 2 கிராம் தாவர ஸ்டெரால் உணவோடு சேர்ந்தால் கெட்ட கொலஸ்ட்ரால் பத்து சதவீதம் அளவுக்கு இறங்கும் என்பது உண்மை. சாதாரணச் சாப்பாட்டில் கிடைப்பது சில நூறு மில்லிகிராம்தான். எந்த மண்ணில் விளைந்த கீரையும் அந்தப் பள்ளத்தை நிரப்பாது. மாத்திரையாக எடுப்பதானால் மருத்துவரைக் கேட்டு எடுங்கள். சைட்டோஸ்டெரோலீமியா என்ற அரிய பரம்பரைக் கோளாறு உள்ளவர்களுக்கு அது ஆபத்து.

உப்பு மிகுந்த டேங்கர் தண்ணீரில் எலுமிச்சை வளர்க்க வேண்டும். எந்தக் கன்று வாங்குவது?
- வாசகி, ஒயிட்ஃபீல்டு

மேலே ஒட்டிய ரகத்தைவிடக் கீழேயிருக்கும் வேர்ச்செடியைக் கேளுங்கள். ரங்பூர் லைம், கிளியோபாட்ரா மாண்டரின் இரண்டும் குளோரைடை இலைக்கு ஏற்றாமல் வேரிலேயே நிறுத்துவதில் கெட்டிக்காரர்கள். சிட்ரான் வகை அதில் மோசம். 1980-களில் இந்த வேர்ச்செடிகளின் ஸ்டெரால் கலவையை ஒப்பிட்டபோது, குளோரைடைத் தடுக்கும் திறனோடு அந்தக் கலவையும் சேர்ந்தே மாறுவது தெரிந்தது. நர்சரியில் வேர்ச்செடியின் பெயர் சொல்லத் தெரியாவிட்டால் அடுத்த நர்சரிக்குப் போங்கள். ஒட்டு இணைப்பு மண்ணுக்கு நான்கு அங்குலமாவது மேலே நிற்கும்படி நடுங்கள். இணைப்பு புதைந்தால் மேல்ரகம் தானே வேர்விட்டு, வேர்ச்செடிக்குக் கொடுத்த காசு வீணாகும். இணைப்புக்குக் கீழே முள்ளோடு கிளம்பும் தளிர்களை வாரம் ஒருமுறை கையாலேயே கிள்ளிவிடுங்கள்.